கோமோ: ஏரியைப் பாக்கப் போறவங்க ஊரையும் பாத்துட்டு வாங்க

மிலானுக்கு வர்ற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு கோமோ ஏரிக்குன்னு ஒரு நாள் ஒதுக்குவாங்க. காலைல ரயில் பிடிச்சு கோமோல இறங்கி, நேரா படகுத்துறைக்குப் போயி, டிக்கெட் எடுத்து, பெல்லாஜியோ, வரென்னான்னு சுத்திட்டு, சாயங்காலம் அதே துறைல இறங்கி அதே ரயில்ல திரும்பிடுவாங்க. படகுல போறது அழகுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் படகுத்துறைக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு ஊர் இருக்கு, ரெண்டாயிரம் வருஷமா ஆளுங்க விடாம கட்டிக்கிட்டே இருந்த ஊர், அதை ஏதோ பஸ் ஸ்டாண்ட் மாதிரி கடந்து போயிடறாங்களேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் கட்டட பிளான் வரையுற வேலைல இருக்கேன். அதனால எங்க போனாலும் சுவரைத்தான் முதல்ல பாப்பேன். எங்கக்கா மிலான்ல வேலை பாக்குறா, அவகிட்ட தங்கியிருந்தப்போ ரெண்டு பேருமா கிளம்பிப் போனோம். படகு வேணாம், ஏரியைக் கரைல இருந்தே பாத்துக்கலாம், ஊரை மட்டும் நடந்து பாக்கலாம்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம். மிலானோ சென்ட்ரலேல இருந்து சுவிட்சர்லாந்து பக்கம் போற ரயில்ல ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள கோமோ சான் ஜொவான்னி ஸ்டேஷன். அங்கேர்ந்து இறக்கமா நடந்தா ஊருக்குள்ள வந்துடலாம்.

முதல்ல ஊரோட அமைப்பைக் கொஞ்சம் சொல்லிடறேன், அது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல பனியாறு குடைஞ்ச பள்ளம் இந்த ஏரி, ஆழம் 400 மீட்டருக்கு மேல. வடக்கேர்ந்து ஒத்தையா வந்து தெக்க ரெண்டு கிளையா பிரியுது. மேக்குக் கிளையோட கடைசி முனைல கோமோ, கெழக்குக் கிளையோட முனைல லெக்கோ. அத்தா ஆறு ஏரியை விட்டு வெளிய போறது லெக்கோ பக்கமாத்தான், கோமோ பக்கம் தண்ணிக்கு வெளியேற வழியே கிடையாது. அதனால மழை பலமா பெஞ்சு ஏரி ஏறினா தண்ணி வந்து கோமோவோட பியாட்சா காவூர் சதுக்கத்துல நிக்கும். அந்தச் சதுக்கமே ஒரு காலத்துல துறைமுகம், 19ஆம் நூற்றாண்டுலதான் மண்ணடிச்சு மூடினாங்க. வெள்ளத்தைத் தடுக்கக் கரையோரமா ஒரு தடுப்புச் சுவர் வேலையை 2008ல ஆரம்பிச்சு, அது பத்து வருஷத்துக்கு மேல இழுத்து, ஏரிக்கரை முழுக்க வேலி போட்டுக் கிடந்ததுல ஊர்க்காரங்களுக்கு இன்னும் அதுமேல கோவம் இருக்கு.

இந்த இடத்துல ஊர் உக்காந்ததுக்குக் காரணம் ஜூலியஸ் சீசர். கிமு 59ல சதுப்பு நிலத்தை வடிச்சு நோவும் கோமும்னு ஒரு புது ஊர் நிறுவினாங்க. ரோமானியர் வழக்கப்படி கயிறு பிடிச்ச மாதிரி நேர்நேரா தெருக்கள், சுத்தி செவ்வகமா மதில். ஆச்சரியம் என்னன்னா அந்தத் தெருக்கள்லதான் நீங்க இன்னைக்கும் நடக்குறீங்க. வீடுங்க எத்தனையோ தடவ இடிஞ்சு மறுபடி எழும்பியிருக்கு, கடை மாறிடுச்சு, தெருக்கோடு மட்டும் மாறல. பழைய ஊர்னாலே வளைஞ்சு வளைஞ்சு சந்து இருக்கும்னு எதிர்பாத்து வந்த அக்கா, "ஏண்டி, இது ஏதோ புதுசா போட்ட லேஅவுட் மாதிரி நேரா இருக்கு"ன்னா. ஆமா, போட்ட லேஅவுட்டேதான், போட்டது மட்டும் சீசர் காலத்துல. வியாலே லெக்கோ ரோட்டுல ஒரு கார் பார்க்கிங் கட்டடத்துக்கு அடியில ரோமானியக் குளியல் கூடத்தோட அஸ்திவாரமும் இருக்கு, பார்க்கிங் கட்டும்போது அதை அழிக்காம மேல தூக்கிக் கட்டியிருக்காங்க.

தெக்குப் பக்கம் மதிலோட பெரிய வாசல், போர்த்தா தோர்ரே. 1192ல கட்டினது, 40 மீட்டர் உயரம். இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வலி இருக்கு. 1118ல மிலானுக்கும் கோமோவுக்கும் சண்டை ஆரம்பிச்சு பத்து வருஷம் நடந்தது, 1127ல மிலான்காரங்க ஊரையே இடிச்சுப் போட்டாங்க. அப்புறம் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா மிலானோட பகையாளிங்கறதால கோமோவுக்குக் கை குடுத்து 1158ல மதிலைத் திரும்ப எழுப்ப வச்சாரு. அந்த மதிலோட வாசல்தான் இது. வெளிய நின்னு பாத்தா முரட்டுக் கல்லு, அழுத்தமா மூடின முகம், வர்றவன் பயப்படணும்னே கட்டினது. வாசலைத் தாண்டி உள்ள வந்து திரும்பிப் பாருங்க, பின்பக்கம் சுவரே இல்ல! ஒண்ணுமேல ஒண்ணா பெரிய பெரிய வளைவுங்க, எல்லாம் திறந்து கிடக்கு. எதிரி ஒருவேளை கோபுரத்தைப் பிடிச்சிட்டாலும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு ஊர் மேல அம்பு விட முடியாது, ஊர்க்காரங்க பக்கம் அவன் மொத்தமா தெரிவான், அப்படி ஒரு வசதி இந்த மாதிரிக் கோபுரத்துல உண்டு. கல்லும் மிச்சம், உயரமும் கிடைக்கும். நான் அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். பெரும்பாலானவங்க வெளிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துட்டு உள்ள வந்ததும் திரும்பிப் பாக்காமலே போயிடறாங்க.

சரி, கதீட்ரலுக்கு வரேன். இங்கதான் நிறைய சொல்லணும்.

சதுக்கத்துல நின்னு பாத்தா மூணு கட்டடம் தோளோட தோள் ஒட்டி நிக்கும். இடது பக்கம் முரட்டுக் கல்லுல மணிக்கோபுரம், நடுவுல ப்ரோலெத்தோங்கற பழைய நகர மன்றம், வலது பக்கம் கதீட்ரல். ப்ரோலெத்தோ 1215ல கட்டினது. கீழ திறந்த வளைவுங்க, மேல மூணு மூணா ஜன்னல், வெள்ளை, சாம்பல், சிவப்புன்னு கல்லை மாத்தி மாத்தி வச்சுக் கட்டியிருக்காங்க. கீழ நிழல்ல ஆளுங்க கூடிப் பேசலாம், மேல மன்றம் கூடும். கோயில் ஒரு அதிகாரம், ஊர் மக்கள் ஒரு அதிகாரம், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. 1396ல கதீட்ரல் வேலை ஆரம்பிச்சாங்க, அதாவது மிலான் கதீட்ரல் ஆரம்பிச்சு பத்து வருஷம் கழிச்சு. வேலை வளர வளர இடம் பத்தல. என்ன பண்ணாங்கன்னா 15ஆம் நூற்றாண்டுல ப்ரோலெத்தோவோட ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல ரோடு அகலப்படுத்தும்போது பாதி வீட்டை இடிச்சுட்டு மிச்சத்துல அப்படியே குடியிருப்பாங்க பாருங்க, அதே கதைதான். வெட்டின எடத்துல கதீட்ரலோட வெள்ளைப் பளிங்கு வந்து அப்படியே மோதி நிக்குது. ஒப்பேத்தல, மறைக்கல. அந்த ஒட்டு எங்க இருக்குன்னு கண்ணாலயே கோடு போட்டுப் பாக்கலாம். எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச இடம் அந்த ஒட்டுதான், ஏன்னா ஊரோட மனசு மாறினது அங்க கல்லுல பதிஞ்சிருக்கு.

கதீட்ரலோட முகப்பு 1457லேர்ந்து 1498 வரைக்கும் கட்டினது. நடுவுல பெரிய வட்ட ஜன்னல், மேலருந்து கீழ வரைக்கும் ஒல்லியா செங்குத்தா வரிசையா சிற்பங்கள். வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு மாடத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. புனிதர்கள்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் கடந்து போறாங்க. கிடையாது. அவங்க ரெண்டு பேருமே ரோமானியர்கள், கிறிஸ்தவர்களே இல்ல. பெரிய பிளினி, சின்ன பிளினி, மாமாவும் மருமகனும், ரெண்டு பேரும் இந்த ஊர்ல பிறந்தவங்க. பெரியவர் இயற்கையைப் பத்தி உலகத்துல தெரிஞ்சதெல்லாம் எழுதி வச்சவரு, கிபி 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ அங்க போய் செத்துப் போனாரு. சின்னவர் அதை நேர்ல பாத்து கடிதமா எழுதினவரு.

ஒரு கதீட்ரல் வாசல்ல, மாதாவும் புனிதர்களும் இருக்க வேண்டிய எடத்துல, ரெண்டு ரோமானிய எழுத்தாளர்களை உக்கார வச்சிருக்காங்கன்னா அந்த ஊருக்கு அவங்க மேல எவ்வளவு பிரியம் இருந்திருக்கணும்! அந்தப் பிரியத்துக்குக் காரணமும் இருக்கு. சின்ன பிளினி கோமோவுக்கு ஒரு நூலகம் கட்டிக் குடுத்தாரு. அவரோட ஒரு கடிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊருக்கு வந்தப்போ ஒரு பையனைப் பாக்குறாரு, எங்க படிக்கிறன்னு கேக்குறாரு, மிலான்லன்னு சொல்றான். ஏன் இங்க படிக்கலன்னா, இங்க வாத்தியார் இல்லங்கறாங்க. உடனே அங்க இருக்கற அப்பாக்கள்கிட்ட, நீங்க எல்லாரும் சேந்து ஒரு வாத்தியாரை வைங்க, செலவுல மூணுல ஒரு பங்கு நான் தரேன்னு சொல்றாரு. முழுசையும் தந்துடுவேன், ஆனா சொந்தக் காசு போட்டாத்தான் நல்ல வாத்தியாரா பாத்து வைப்பீங்க, அதான் மிச்சத்தை உங்ககிட்ட விடறேன்ங்கறாரு. எப்படிப்பட்ட மனுஷன்! ஏரிக்கரைல அவருக்கு ரெண்டு வீடு இருந்ததாம். ஒண்ணு பாறை மேல உயரத்துல, ஒண்ணு தண்ணியைத் தொட்டுக்கிட்டு. நாடகத்துல சோக வேஷம் கட்டுறவங்க உயரமான செருப்பு போடுவாங்க, சிரிப்பு வேஷத்துக்குத் தட்டைச் செருப்பு, அதனால மேல இருக்கற வீட்டுக்கு டிராஜடி, கீழ இருக்கறதுக்குக் காமெடின்னு பேர் வச்சிருக்காரு. அந்த வீடுங்க எங்க இருந்ததுன்னு ஏரியச் சுத்தி ஒவ்வொரு ஊரும் சொந்தம் கொண்டாடுது.

சிற்ப வேலையைச் செஞ்சவங்க ரொதாரி குடும்பம், அண்ணன் தம்பிங்க. வடக்குப் பக்க வாசலையும் கட்டாயம் பாருங்க, தவளை வாசல்னு பேரு. அலங்காரத்துக்கு நடுவுல ஒரு குட்டித் தவளை செதுக்கியிருக்காங்க, தொட்டா அதிர்ஷ்டம்னு ஜனங்க தொட்டுத் தொட்டு இப்போ அது தவளையான்னே உத்துப் பாக்கணும். வெள்ளம் ஏறின உயரத்தைக் குறிக்கத்தான் வச்சாங்கன்னு ஒரு கதையும் ஊர்ல சொல்றாங்க.

உள்ள போனா முன்பாதி கோதிக், கூர் வளைவுங்க, கொஞ்சம் இருட்டு. பலிபீடத்தை நெருங்க நெருங்க மறுமலர்ச்சி காலத்துப் பாணியா மாறுது, அப்புறம் தலைக்கு மேல 18ஆம் நூற்றாண்டுக் குவிமாடம், தூரின் ஊர்ல பெரிய பேர் எடுத்த பிலிப்போ யுவாரா வடிவமைச்சது. நடந்துக்கிட்டே முந்நூறு வருஷத்துக்கு மேல கடந்துடறீங்க. தூணுக்கு நடுவுல 16, 17ஆம் நூற்றாண்டுல நெய்த பெரிய பெரிய திரைச்சீலைங்க தொங்குது, ஃபெர்ராரா, ஃபிளாரன்ஸ், ஆன்ட்வெர்ப்னு வெவ்வேற ஊர்ல நெய்தது. பெர்னார்தினோ லுயினி, கவுதென்சியோ ஃபெர்ராரி ஓவியமும் இருக்கு. குவிமாடத்தைப் பத்தி என் கருத்தைச் சொல்லணும்னா, தனியா பாத்தா அழகு, ஆனா அந்த ஒல்லியான கோதிக் உடம்புக்கு அது கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஏரியிலேர்ந்து பாக்கும்போது மட்டும் அது இல்லாம இந்த ஊரை நினைச்சே பாக்க முடியல.

சான் ஃபெதேலே சர்ச் ரெண்டு தெரு தள்ளி. 12ஆம் நூற்றாண்டுல கட்டினது. சதுக்கத்துப் பக்க முகப்பு பிற்காலத்துல திருத்திக் கட்டினது, அதைப் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க, சுத்திப் பின்பக்கம் போங்க. அங்க ஒரு வாசல், மேல் பக்கம் வளைவா இல்லாம முக்கோணமா மடிஞ்சு, ஓரத்துல பறக்குற நாகம் மாதிரி விநோத மிருகம் எல்லாம் செதுக்கி, பாக்கவே வேற உலகமா இருக்கும். சதுக்கத்துல மரச்சட்டமும் செங்கல்லுமா மாடி முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிற பழைய வீடுங்க இருக்கு, முன்னாடி அங்க தானியச் சந்தை நடந்திருக்கு.

மத்தியானம் அங்கயே பக்கத்துல சாப்டோம். பெர்ச்சுனு ஒரு ஏரி மீன், அதை வெண்ணெயில பொரிச்சு சோத்து மேல வச்சுத் தர்றாங்க, எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மிஸ்ஸோல்தீன்னு ஒரு கருவாடும் உண்டு, ஏரி மீனை உப்புப் போட்டு வெயில்ல காய வச்சு, தகரத்துல அமுக்கி வச்சு, சுட்டு போலெந்தாங்கற மக்காச்சோளக் களியோட குடுப்பாங்க. கருவாடு பிடிக்கும்னா விட்டுடாதீங்க.

அடுத்து சொல்லப் போறதுக்கு நிறைய பேர் போறதே இல்ல. மதிலுக்கு வெளிய, ரயில் தண்டவாளத்தை ஒட்டி, சாந்த் அப்பொந்தியோ. ஊருக்குள்ளேர்ந்து பத்துப் பதினஞ்சு நிமிஷ நடைதான், ஆனா வழியில ரோடு, வண்டி, சத்தம்னு சுமாரா இருக்கும், அதனாலயே ஆளுங்க திரும்பிடறாங்க. போனா ஒரு கல் கோயில் மொட்டையா நிக்கும். அலங்காரம் ரொம்பக் கம்மி. 1095ல போப் இரண்டாம் உர்பன் நேர்ல வந்து அர்ச்சித்த சர்ச் இது, முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விட்ட அதே போப், அதே வருஷம். பின்பக்கம் ரெண்டு மணிக்கோபுரம் ஜோடியா நிக்குது, இந்தப் பகுதியில அது வழக்கமே இல்ல, ஆல்ப்ஸுக்கு அந்தப்பக்கத்துப் பழக்கம் மலை தாண்டி வந்திருக்கு. உள்ள தூணுங்க பிரிக்கிற அஞ்சு நடைபாதை, நடுவுல இருக்கறது குறுகி உயரமா போகுது, தூணுங்க கல்லு அடுக்கினபடியே பூச்சு எதுவும் இல்லாம நிக்குது. குளிர்ச்சி, அமைதி. சப்தமில்லாத அந்த உயரத்துக்குக் கடைசியில கருவறைப் பகுதி முழுக்க 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம், ஏசுவோட வாழ்க்கை கட்டம் கட்டமா. வெறும் கல்லுல நடந்து நடந்து போயி திடீர்னு கலருக்குள்ள விழறோம். அக்கா சாமி கும்புடுற ஆளு, எந்த சாமின்னு பாக்க மாட்டா, அங்க பெஞ்சுல உக்காந்து கண்ண மூடிக்கிட்டா.

நான் தரையைப் பாத்துக்கிட்டிருந்தேன். 1863ல பழுது பாக்கும்போது தரைக்கு அடியில இன்னும் பழைய சர்ச் ஒண்ணோட அஸ்திவாரம் கிடைச்சிருக்கு, கிறிஸ்தவம் ஊருக்கு வந்த புதுசுல கட்டினது. அதைத் தோண்டிக் காட்சிக்கு வைக்காம, அதோட சுவர் எங்கெங்க போச்சோ அந்தக் கோட்டைத் தரையில கறுப்புப் பளிங்குல பதிச்சு வச்சிருக்காங்க. ஒரு கட்டடத்துக்குள்ள நின்னுக்கிட்டு இன்னொரு கட்டடத்தோட பிளானை மிதிச்சு நடக்கறோம். பிளான் வரையுறவளுக்கு இதைவிட என்ன வேணும்! வெளிய ஜன்னல் ஓரத்துல பின்னல் பின்னலா கொடி வேலைப்பாடு இருக்கு, அதையும் கிட்டப் போய்ப் பாருங்க. இந்தப் பக்கத்துக் கல்தச்சர்கள் ஐரோப்பா முழுக்கப் போய் வேலை செஞ்சவங்க, மாஜிஸ்திரி கோமாசினிங்கற பேர்ல, அப்போ வட இத்தாலியை ஆண்ட லொம்பார்து அரசர் ரொத்தாரி (மேல சொன்ன சிற்பிக் குடும்பம் இல்ல, வேற ஆளு) 643ல போட்ட சட்டத்துலயே கட்டட வேலைக்காரங்களைப் பத்திப் பேச்சு வருது, கட்டும்போது சுவர் விழுந்து ஆள் செத்தா யார் பொறுப்புங்கற வரைக்கும். சர்ச்சை ஒட்டின பழைய மடத்துல இப்போ சட்டக் கல்லூரிப் பசங்க படிக்கிறாங்க.

பட்டு, வோல்டா, ரெண்டையும் சொல்லாம விட்டா கோமோக்காரங்க கோவிச்சுப்பாங்க. இத்தாலியப் பட்டுன்னா கோமோதான். ஒரு காலத்துல முசுக்கொட்டை வளத்து இங்கயே புழு வளத்தாங்க, இப்போ நூல் பெரும்பாலும் சீனாலேர்ந்து வருது, சாயம், பிரின்ட், டிசைன்ல இந்த ஊரை இன்னும் அடிச்சுக்க முடியல. பட்டு மியூசியம் ஒண்ணு இருக்கு, பழைய மெஷினுங்க எல்லாம் வச்சிருக்காங்க. பேட்டரி கண்டுபிடிச்ச அலெஸாந்த்ரோ வோல்டா இங்க 1745ல பிறந்தவரு. ஏரிக்கரைல அவருக்குக் குட்டி ரோமானியக் கோயில் மாதிரி ஒரு மியூசியம், அவர் இறந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி கட்டினது. கட்டடமா எனக்கு அது பெருசா ஒண்ணும் தோணல. ஆனா உள்ள இருக்கற கருவிங்க நல்லாருக்கு. 1899ல பேட்டரிக்கு நூறாவது வருஷம்னு இங்க பெரிய கண்காட்சி வச்சு, அது தீப்பிடிச்சு வோல்டா கையால தொட்ட நிறைய சாமானுங்க எரிஞ்சே போச்சு. கேக்கவே வயிறு எரியுது.

நேரம் இருந்தா மலை மேல இருக்கற புருனாத்தே ஊருக்கு விஞ்ச் ரயில்ல ஏறுங்க, 1894லேர்ந்து ஓடுது, ஏழு நிமிஷம், செங்குத்தா ஏறும். மேலருந்து பாத்தா எல்லாரும் ஏரியைத்தான் போட்டோ எடுக்கறாங்க. நீங்க ஊரைப் பாருங்க. சீசர் காலத்துச் செவ்வகம் கூரைங்களுக்கு நடுவுல தெளிவா தெரியும்.

இனி வேற கோமோ. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கைடு புக்குல இருக்கும். இதுவும் இருக்கும், ஆனா கடைசிப் பக்கத்துல.

1888ல இந்த ஊர்ல அந்தோனியோ சாந்த் எலியான்னு ஒரு கட்டடக் கலைஞர் பிறந்தாரு. 1914லயே வருங்கால நகரம்னு வரைஞ்சு தள்ளினாரு, லிஃப்ட் எல்லாம் வெளிய ஓடுற மாடிங்க, அடுக்கடுக்கா ரோடு, மின்நிலையம். அதுல ஒண்ணும் கட்டல. 1916ல முதல் உலகப் போர்ல செத்துட்டாரு, வயசு 28. 1933ல ஏரிக்கரைல போர்ல இறந்தவங்களுக்கு நினைவுச்சின்னம் வைக்கும்போது அவரோட ஒரு வரைபடத்தை எடுத்து அதையே கட்டினாங்க, 30 மீட்டருக்கு மேல, பட்டையா ரெண்டு கல்தூண் ஏரியப் பாத்து நிக்குது. கட்ட முன்னின்னவரு ஜுசெப்பே தெராஞ்ஞிங்கற கட்டடக் கலைஞர். இந்த ஊரோட இன்னொரு பெரிய ஆளு.

அவரோட நோவோகோமும்ங்கற அஞ்சு மாடி ஃபிளாட் வீடு, கால்பந்து ஸ்டேடியத்துக்கு எதிர்லயே இருக்கு, 1927லேர்ந்து 29க்குள்ள கட்டினது. மூலையில சுவரே இல்லாம உருண்டையா கண்ணாடி, அதுக்கு மேல கனமா கடைசி மாடி. இந்த பிளானை நேரா குடுத்தா ஊர்ல அனுமதி கிடைக்காதுன்னு, பழைய பாணி அலங்காரம் போட்ட வேற முகப்பை வரைஞ்சு குடுத்து அனுமதி வாங்கியிருக்காரு. சாரம் பிரிச்ச அன்னைக்குத்தான் ஊருக்கே தெரிஞ்சிருக்கு என்ன கட்டியிருக்காருன்னு. ஒரே கூச்சல், இடிக்கலாமான்னு கமிட்டி போட்டு, கடைசியில தப்பிச்சது. கப்பல்னு ஊர்ல பட்டப்பேர் வச்சாங்க. இன்னைக்கும் அதுல குடும்பங்க குடியிருக்கு, பால்கனில துணி காயுது.

திரும்பறதுக்கு நாங்க ஏரி பக்கத்து ஸ்டேஷனுக்கு வந்தோம், கோமோ லாகோ, அங்கேர்ந்து மிலான் கதோர்னாவுக்கு ஒரு மணி நேரம். இந்த ஸ்டேஷன் கதீட்ரலோட முதுகுப் பக்கம் இருக்கு. தண்டவாளத்தைத் தாண்டினா கதீட்ரல் குவிமாடத்தையே நேருக்கு நேரா பாத்துக்கிட்டு ஒரு வெள்ளைக் கட்டடம். காசா தெல் ஃபாஷோ. பாசிஸ்ட் கட்சியோட கோமோ ஆபீஸா தெராஞ்ஞி 1932லேர்ந்து 36க்குள்ள கட்டினது.

33.2 மீட்டர் சதுரம், உயரம் சரியா அதுல பாதி, 16.6. கான்கிரீட் சட்டம், மேல பளிங்கு. நாலு பக்கமும் நாலு விதம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. முன்பக்கம் தூணும் உத்தரமுமா கட்டம் கட்டமா திறந்து கிடக்கு, வலது ஓரம் மட்டும் ஒரு ஜன்னல் கூட இல்லாத வெறும் சுவர். அந்தக் கட்டங்கள் வழியா பின்னாடி இருக்கற வானம் வரைக்கும் தெரியும். எடையே இல்லாத மாதிரி நிக்குது. அக்கா முதல்ல "கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கே"ன்னுதான் சொன்னா. அஞ்சு நிமிஷம் நின்னு வெயில் சாயறதைப் பாத்ததும் அவளே, "இரு இரு, நிழல் எல்லாம் உள்ள போய் உக்காருது பாரு"ன்னா. ஆமா, சிற்பமே இல்லாம நிழலை வச்சே செதுக்கின முகப்பு அது. என் தொழில்ல நான் பாத்ததுலயே மனசை ரொம்ப அசைச்ச கட்டடம் இதுதான், ஒளிக்காம சொல்றேன்.

அதனாலயே அங்க நிக்கறது கஷ்டமாவும் இருக்கு. பாசிசம் கண்ணாடி வீடு, எல்லாரும் உள்ள பாக்கலாம்ங்கறது முசோலினி சொன்ன பேச்சு, அதைத்தான் தெராஞ்ஞி கட்டடமாக்கினாரு. கீழ 16 கண்ணாடிக் கதவு, மின்சாரத்துல எல்லாம் ஒரே நேரத்துல திறக்கும், உள்ள இருக்கற கட்சிப் படை ஒரே வீச்சுல சதுக்கத்துக்கு வெளிய வரணும்னு. அந்த அழகான கட்டம் கட்டமான மாடங்கள் கூட்டத்தைப் பாத்துப் பேசறதுக்கு. தெராஞ்ஞி கட்டாயத்துக்குச் செஞ்சவரு இல்ல, மனசார நம்பினவரு. எந்த ஆட்சி எதிர்த்தவங்களை அடிச்சு, சிறையில போட்டு, 1938ல யூதர்களுக்கு எதிரா சட்டம் போட்டுச்சோ அந்த ஆட்சிக்குத் திறந்த மனசுன்னு ஒரு முகம் செஞ்சு குடுத்திருக்காரு. கண்ணாடி இருந்தது, உள்ள பாக்க யாருக்கும் உரிமை இல்ல. கட்டடம் பொய் சொல்லலாம், அழகாவே சொல்லலாம்.

அவர் முடிவும் சோகம்தான். ராணுவத்துல ரஷ்யப் போர்முனைக்குப் போயி, உடைஞ்ச மனசோட திரும்பி வந்து, 1943 ஜூலை 19ல கோமோலயே இறந்துட்டாரு, வயசு 39. ஆறு நாள் கழிச்சு ஜூலை 25ல முசோலினி ஆட்சி கவுந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு இதே ஏரிக்கரைல, வடக்கால, தப்பிச்சு ஓடப் பாத்த முசோலினியைப் பிடிச்சு 1945 ஏப்ரல் 28ல சுட்டாங்க.

அந்தக் கட்டடம் அழகா இருக்குன்னு சொன்னாலே அந்த ஆட்சியைப் புகழ்ற மாதிரி ஆயிடும்னு சில பேர் நினைக்கறாங்க, கட்டடம் வேற அரசியல் வேறன்னு சில பேர் சொல்றாங்க. ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல. அந்த 16 கதவு எதுக்குன்னு தெரியாம அந்த முகப்பைப் புரிஞ்சுக்கவே முடியாது, அதே சமயம் அந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு அது ஒண்ணுமில்லன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சுக்கிட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்.

இப்போ அதுல இத்தாலி அரசோட நிதிக் காவல்படை ஆபீஸ் நடக்குது, சும்மா போய் உள்ள பாக்க முடியாது, வெளிய நின்னு கண்ணாடி வழியா எட்டிப் பாக்கறதோட சரி. மியூசியமா மாத்தணும்னு ரொம்ப நாளா கோரிக்கை இருக்கு, நானும் அந்தப் பக்கம்தான். நடுக்கூடத்தைத் திறந்து விட்டு, அங்க என்ன நடந்தது, யாரெல்லாம் அதனால கஷ்டப்பட்டாங்கன்னு அந்தச் சுவர்லயே எழுதி வைக்கணும். அதுவரைக்கும், நீங்க போனா கோமோ லாகோ ஸ்டேஷன்ல அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க, சாயங்கால வெயில் முன்பக்கம் விழற நேரமா பாத்து.